பெயர் தெரியாத கொள்ளுப்பாட்டியைக் குடும்ப மரத்தில் எப்படி எழுதுவது? மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா, செம்பூர், டோம்பிவிலி என்று எங்கே இருந்தாலும் சரி, மூன்றாம் தலைமுறை மும்பைத் தமிழர் ஒருவர் குடும்ப மரம் போட உட்கார்ந்தால் தாத்தா வரைக்கும் மளமளவென்று போய்விடும். அதற்கு மேலே “ஸ்ரீவைகுண்டத்து ஆச்சி”, “மில்லுல வேலை பார்த்த பெரியவர்”, “பேரு என்னமோ வரும், நாக்குல நிக்குது” என்று ஆரம்பிக்கும். மென்பொருளோ முதல் பெயர் எங்கே, சர்நேம் எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் வரும் கேள்விகளைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பெயரே தெரியாத ஒருவரை எதற்குச் சேர்க்க வேண்டும்? விட்டுவிட்டால் என்ன?

விட்டுவிட்டால் அவரோடு சேர்ந்து அவருடைய பிறந்த வீடு முழுக்கப் போய்விடும். பெயர் தெரியாத கொள்ளுப்பாட்டிக்கு நாசரேத்தில் ஒரு அண்ணன் இருந்தார், அவருக்குக் கடை இருந்தது என்று அத்தை சொல்கிறார் என்றால், அந்த அண்ணனைத் தொங்கவிட ஒரு கொக்கி வேண்டும், அந்தக் கொக்கி இந்தப் பாட்டிதான். நாளைக்கு அண்ணன் வீட்டு வாரிசு யாராவது கிடைத்து, அவர்கள் வீட்டில் பாட்டியின் பெயர் தெரிந்திருந்தால் அதை எழுத ஒரு இடம் தயாராக இருக்கும்.

அதற்காக மேலே மேலே வெற்றுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே போக வேண்டாம். எல்லோருக்கும் அப்பா அம்மா இருந்திருப்பார்கள், அது ஒரு தகவல் இல்லை. நான் வைத்திருக்கும் வரம்பு இதுதான்: பெயரைத் தவிர ஏதாவது ஒன்றாவது தெரிய வேண்டும். ஊர், உடன்பிறப்பு, எத்தனையாவது மனைவி, எப்போது போய்ச் சேர்ந்தார், எதில் வேலை பார்த்தார், இதில் ஒன்று இருந்தால் பெட்டி போடலாம்.

சரி, பெயர்க் கட்டத்தில் என்ன எழுதுவது? “தெரியவில்லை” என்றா, கேள்விக்குறியா, கோடா?

யாராவது அவரை அழைத்த, அல்லது எழுதிவைத்த பெயர் மட்டும்தான் பெயர்க் கட்டத்துக்குள் போக வேண்டும். “முருகன் மனைவி” என்பது உறவு. “அன்நோன்” என்பது நம்முடைய நிலைமை. இரண்டும் பெயர் இல்லை.

அதே சமயம் இணையத்தில் குடும்ப மரம் போட உதவும் ஒவ்வொரு தளத்துக்கும் அதன் வீட்டுப் பழக்கம் உண்டு, அதை மதிக்கத்தான் வேண்டும். ஃபேமிலிசர்ச்சில் தெரியாத பகுதியைக் காலியாக விடச் சொல்கிறார்கள். விக்கிட்ரீயில் நிலைமை வேறு: பிறப்புச் சர்நேம் கட்டாயம், தெரியாவிட்டால் “அன்நோன்” என்று ஆங்கிலத்தில் போடுவதுதான் அங்கே விதி. உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளும் கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருளில் காலியாக விட்டாலே போதும், திரையில் பெயர் விடுபட்டிருக்கிறது என்று அதுவே காட்டிக்கொள்ளும்.

விதி கேட்காத இடத்தில் அந்த வார்த்தையைப் பெயராக எழுதினால் தேடல் இயந்திரம் அதைப் பெயர் என்றே நம்பிவிடும். உலகம் முழுக்க அந்தப் பெயரில் கிடக்கும் ஆட்களில் யாராவது ஒருவர் உங்கள் பாட்டியாக இருக்கலாமே என்று பரிந்துரை வரும். ஐரோப்பிய வம்சாவளிக்காரர்கள் லத்தீன் வழக்கப்படி “என்.என்.” என்று எழுதுவார்கள், அமெரிக்காவில் முதல் பெயர் தெரியாவிட்டால் “எஃப்என்யு”, கடைசிப் பெயர் தெரியாவிட்டால் “எல்என்யு”. இந்த எஃப்என்யு நம் ஆட்களுக்குப் புதிதில்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவருக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் சர்நேம் ஆகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று அச்சாகி வரும். இன்னும் நூறு வருஷம் கழித்து அந்த விசாவைப் பார்க்கும் கொள்ளுப்பேத்தி, தாத்தாவுக்கு இப்படியும் ஒரு பெயரா என்று குழம்பத்தான் போகிறாள்.

பெயர் இல்லாத பாட்டிகள் மரத்தில் நாலு பேர் ஆகிவிட்டார்கள். எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

வீட்டில் அவர்களை எப்படிக் குறிப்பிட்டார்களோ அதைப் பட்டப்பெயர் கட்டத்தில் போடுங்கள். “தோப்பு வீட்டு ஆச்சி”, “கோலிவாடா அத்தை”. அது கற்பனை இல்லை, உண்மையிலேயே புழங்கிய அழைப்பு. அதுவும் இல்லாவிட்டால் குறிப்புப் பகுதியில் ஒரு வரி.

எங்கள் வீட்டில் சர்நேமே கிடையாது. இந்தக் கட்டத்தை என்ன செய்ய?

மும்பைத் தமிழர் எல்லோருக்கும் இருக்கிற தலைவலி இது. ஊரில் “ப. முருகன்” என்று இருந்தவர் இங்கே வந்து பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, தன் பெயர், அப்பா பெயர், சர்நேம் என்று மூன்று கட்டம் கொண்ட மராட்டிய வழக்கத்துப் படிவம் கையில் வரும். மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்பதை அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்த கிளார்க்கும் அப்பாவும் சேர்ந்து முடிவு பண்ணியிருப்பார்கள். அதனால்தான் ஒரே வீட்டில் மூத்தவருக்குச் சாதிப் பட்டம், இரண்டாமவருக்குத் தாத்தா பெயர், கடைசிப் பெண்ணுக்கு ஊர்ப் பெயர் என்று மூன்று சர்நேம் இருக்கும். கூடப் பிறந்தவர்கள்தான் என்று பாஸ்போர்ட் அலுவலகத்தில் விளக்கி விளக்கியே பாதி ஆயுள் போயிருக்கும்.

குடும்ப மரத்தில் இதைச் “சரிசெய்ய” வேண்டாம். யாருக்கு எந்த ஆவணத்தில் எது இருக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள், மூத்தவர் சர்நேமை இளையவருக்கு மாட்டிவிடாதீர்கள். சர்நேமே வைத்துக்கொள்ளாமல் ஊரில் வாழ்ந்து முடித்த கொள்ளுத்தாத்தாவுக்கு மும்பையில் பிறந்த பேரனின் சர்நேமைக் கொடுப்பது அதைவிட மோசம். அவருக்குக் காலியாக இருக்கட்டும். தகவல் பரிமாற்றத்துக்கு எல்லா மென்பொருளும் பயன்படுத்தும் ஜெட்காம் வடிவத்தில் சர்நேமை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே எழுதுவார்கள், நடுவில் ஒன்றும் இல்லாவிட்டாலும் கோப்பு உடைந்துவிடாது. கிராம்ப்ஸில் இன்னும் வசதி, கடைசிப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல இடம் இருக்கிறது: தந்தைப் பெயரா, ஊரா, தொழிலா, பரம்பரையாக வந்ததா என்று தேர்ந்தெடுக்கலாம். நம்முடைய இனிஷியலுக்கு அதைவிடப் பொருத்தமான கட்டத்தை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

இனிஷியல் பற்றி ஒரு எச்சரிக்கை. “எஸ்” என்பது சுப்பையாவாக இருக்கலாம், சங்கரன்கோவிலாகவும் இருக்கலாம். ஊரும் அப்பா பெயருமாக இரண்டு எழுத்து வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. விரிவு உறுதியாகத் தெரியும் வரை எழுத்தை எழுத்தாகவே விடுங்கள்.

பெண்களுக்குக் கூடுதல் சிக்கல். கல்யாணம் ஆனதும் இங்கே நடுப் பெயர் கணவருடையது, கடைசிப் பெயர் மாமனார் வீட்டுடையது, ஆக அப்பா பெயர் சுத்தமாகக் காணாமல் போகும். பிறந்த வீட்டுப் பெயரைத்தான் முதன்மைப் பெயராக வைக்க வேண்டும், கணவர் வழிப் பெயர் மாற்றுப் பெயராகக் கீழே இருக்கட்டும். மகாராஷ்டிர அரசு 2024-இல் போட்ட உத்தரவுப்படி, அந்த வருஷம் மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் குழந்தை பெயர், அம்மா பெயர், அப்பா பெயர், சர்நேம் என்ற வரிசை. அடுத்த தலைமுறையில் மரம் போடுகிறவர்களுக்கு ஒரு தேடலாவது மிச்சம்.

பழைய பத்திரத்தில் சாதிப் பட்டத்தோடு பெயர் இருக்கிறது. இப்போது யாரும் அதைப் போடுவதில்லை. எழுதவா வேண்டாமா?

1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் வந்தது, அதன்பின் தமிழ்நாட்டில் அது மெல்ல மெல்லப் பெயரிலிருந்து உதிர்ந்தது. அதற்கு முந்தைய ஆவணத்தில் பட்டம் இருந்தால், அந்த ஆவணத்தில் இருந்த பெயர் என்று மாற்றுப் பெயராகக் குறித்து, எந்தப் பத்திரம் என்பதையும் எழுதிவையுங்கள். பிள்ளைகள் வேண்டாமென்று விட்டதை அவர்கள் பெயரில் நீங்களாக ஒட்டாதீர்கள். வெளியார் வைத்த இழிபெயர் பதிவேட்டில் இருந்தால் அது குறிப்பில் மட்டும் இருந்தால் போதும், பெயர் வரியில் அதற்கு இடம் தர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

மதம் மாறிய குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஊர்ப் பெயர் ஒன்று இருக்கும். இரண்டையும் எழுதுங்கள். பங்குக் கோயில் பதிவேட்டில் ஒன்றுதான் கிடைக்கும், நிலப் பத்திரத்தில் மற்றது.

“குப்பம்மா” என்றுதான் கூப்பிட்டார்களாம். அது நிஜப் பெயரா?

பெரும்பாலும் ஆமாம். வரிசையாகப் பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்த குழந்தையைக் குப்பையில் போட்டு எடுப்பதும், பிச்சை கேட்டு வாங்கியதாகச் சடங்கு செய்வதும் இருந்தது. குப்பம்மா, குப்புசாமி, பிச்சை, பிச்சம்மாள் எல்லாம் அப்படி வந்தவை. இதைக் கண்ணியக் குறைவு என்று நினைத்து “லட்சுமி” என்று மாற்றி எழுதாதீர்கள். அந்தப் பெயரே ஒரு துப்பு, அவருக்கு முன்னால் இறந்த அண்ணன் அக்கா இருந்திருக்கலாம்.

விட்டுப்போன பெயரை எங்கே போய்த் தேடுவது?

முதலில் சமையலறைப் பரண். சீர்வரிசையாக வந்த பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பார்கள், பல வீடுகளில் பெண்ணின் பெயரையும் அப்பா இனிஷியலையும் தாங்கிய ஒரே எழுத்துச் சான்று ஒரு குடமோ அண்டாவோதான். போட்டோ எடுத்து ஆதாரமாக இணைத்துவிடுங்கள். அடுத்தது மொய் நோட்டு. தாய்மாமன் என்ன செய்தார் என்று அதில் பெயர், ஊரோடு எழுதியிருக்கும், தாய்மாமன் கிடைத்தால் பாட்டியின் பிறந்த வீடே கிடைத்த மாதிரி. கல்யாணப் பத்திரிகை, பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாமே உறவுமுறையை வரிசையாகச் சொல்பவை. தர்ப்பணம் செய்கிற வீடாக இருந்தால் தந்தை வழியில் மூன்று தலைமுறை ஆண்கள், பெண்கள் பெயர் சொல்லியே ஆக வேண்டும், அதை எழுதிவைத்த நோட்டு எங்காவது பூஜை அலமாரியில் கிடக்கும்.

மும்பையில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் மாநகராட்சியின் வார்டு அலுவலகங்களில். தாராவி என்றால் ஜி வடக்கு, மாட்டுங்கா, சயான், ஆன்டாப் ஹில் என்றால் எஃப் வடக்கு. டோம்பிவிலி வேறு மாநகராட்சி, அங்கே தனியாகப் போக வேண்டும். பெண்களுக்கு ஸ்கூல் லீவிங் சர்ட்டிபிகேட் தங்கம் மாதிரி, கல்யாணத்துக்கு முந்தைய பெயர் அதில் நிற்கும். பழைய வாக்காளர் பட்டியலில் ஒவ்வொருவர் பக்கத்திலும் அப்பா அல்லது கணவர் பெயர் இருக்கும். ஊரில் நிலம் இருந்தால் தமிழ்நாடு பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம், ரொம்பப் பழையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடும் மனு. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அன்றைக்குக் கறி விருந்துதான், “காலஞ்சென்ற இன்னார் மகன் இன்னார்” என்று இரண்டு மூன்று தலைமுறை ஒரே பக்கத்தில் நிற்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்ப வேண்டாம், இங்கிலாந்து மாதிரி வீட்டுவாரித் தாள்களை நம் நாட்டில் பாதுகாத்து வெளியிடுவது இல்லை.

குடும்பத்தில் யாராவது நாசிக்கிலோ திரியம்பகத்திலோ சடங்கு செய்திருந்தால், அங்குள்ள புரோகிதர்களின் வஹிக் கணக்குகளைக் கேட்டுப் பாருங்கள், யாத்ரீகர்களின் ஊரும் குடும்பப் பெயர்களும் அவற்றில் எழுதப்படுவது பழைய வழக்கம்.

பெரியவர்களிடம் கேட்கும் விதமும் முக்கியம். “உங்க மாமனார் பேர் என்ன” என்று எண்பது வயது ஆச்சியிடம் கேட்டால் சொல்லத் தயங்குவார், கணவர், மாமனார் பெயரைச் சொல்லாத பழக்கத்தில் வளர்ந்தவர். அவருடைய தங்கையிடமோ கொழுந்தனாரிடமோ கேளுங்கள். இல்லாவிட்டால் “உங்க மூத்த பையனுக்கு யார் பேரை வச்சீங்க?” என்று சுற்றி வாருங்கள், மகன் பெயரைச் சொல்ல அவருக்கு எந்தத் தடையும் இல்லை.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம்தானே? தாத்தாவின் பெயர் சுடலைமுத்து, அப்படியென்றால் அவருடைய தாத்தாவும் சுடலைமுத்து என்று போட்டுவிடலாமா?

குறிப்பில் எழுதுங்கள், பெயர்க் கட்டத்தில் வேண்டாம். வழக்கம் மூத்த பேரனுக்குத்தான், அவர் மூத்தவர்தானா என்பதே தெரியாது. அதுவும் தாய்வழித் தாத்தா பெயராக இருக்கலாம், குலசாமி பெயராக இருக்கலாம், அந்த வருஷம் நேர்ந்துகொண்ட கோயில் பெயராகவும் இருக்கலாம். ஊகத்தைப் பெயராக எழுதி இணையத்தில் ஏற்றினால் ஒன்றுவிட்ட சொந்தக்காரர் ஒருவர் அதைத் தன் மரத்தில் நகல் எடுப்பார், பிறகு அதையே உங்களிடம் ஆதாரமாகக் காட்டுவார்.

பிறந்த வருஷமும் தெரியாது.

பெயர் இல்லாதவருக்கு வருஷமாவது ஓரளவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரோடு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்வார். துல்லியம் தேவையில்லை. “சுமார்”, “முன்”, “பின்”, “இடையில்” என்று எழுத எல்லா மென்பொருளிலும் வழி உண்டு. மூத்த பிள்ளை 1930-இல் பிறந்திருந்தால் அம்மா 1895-க்கும் 1915-க்கும் இடையில் என்று போட்டுவிட்டு, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பெரியவர்கள் வருஷம் சொல்ல மாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். “துறைமுகத்துல கப்பல் வெடிச்சப்ப உங்க பெரியப்பா கைக்குழந்தை” என்றால் அது 1944 ஏப்ரல் 14, விக்டோரியா டாக்கில் வெடித்த ஃபோர்ட் ஸ்டிக்கின் கப்பல். “பிளேக் வந்து ஊருக்கு ஓடினோம்” என்று தாத்தாவின் அப்பா சொன்னதாக வந்தால் 1896-க்குப் பிந்தைய வருஷங்கள். “தனுஷ்கோடி அழிஞ்ச புயல்” என்றால் 1964 டிசம்பர்.

ஜாதகத்தில் தமிழ் வருஷம் இருக்கும், அது அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை மறக்காதீர்கள். தாது வருஷம் என்றால் 1876-77, 1936-37, 1996-97 மூன்றும் பொருந்தும், 1955-இல் கல்யாணம் ஆனவருக்கு நடுவில் உள்ளதுதான். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும், ஆங்கில வருஷம் கிடைக்க அதோடு 824 அல்லது 825 கூட்டிக்கொள்ளுங்கள். மாதத்தைப் பார்த்து எது என்று முடிவு செய்யலாம்.

கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு மனைவி. எங்கள் தாத்தா யாருக்குப் பிறந்தவர் என்று தெரியவில்லை. ஒருவர் பெயர் மட்டும் தெரியும்.

பெயர் தெரிந்தவர் மடியில் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைப்பதுதான் வழக்கமாக நடப்பது. செய்யாதீர்கள். இரண்டு மனைவிக்கும் தனித்தனிப் பெட்டி, தாத்தாவை அப்பாவோடு மட்டும் இணைத்து, அம்மா இடத்தைக் காலியாக விடுங்கள். “மூத்தாள் பிள்ளை” “இளையாள் பிள்ளை” என்று சொத்துப் பேச்சில் யாராவது சொல்லியிருப்பார்கள், பாகப் பத்திரத்தில் பங்கு பிரித்த விதமும் காட்டிக்கொடுக்கும். முதல் மனைவி பிரசவத்தில் போய், அவருடைய தங்கையையே கட்டிவைத்த வீடும் நிறைய, அங்கே இரண்டு பேருக்கும் ஒரே அப்பாவாக இருக்கும் என்பதால் மேலே ஏறுவது சுலபம்.

பெயர் வைப்பதற்குள் இறந்த குழந்தைகள்?

சேர்க்கலாம், பெயர் காலி, பாலினமும் தெரியாவிட்டால் அதுவும் காலி. குறிப்பில் “பெயர் சூட்டும் முன் இறந்தது” என்று தெளிவாக இருக்கட்டும், அப்போதுதான் பெயர் தொலைந்துவிட்டது என்று யாரும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். இன்னொன்று, பிறப்புச் சான்றில் பெயர் இல்லை என்பதாலேயே குழந்தை இறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1969-ஆம் வருஷப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம், பெயரைப் பிறகு சேர்க்கலாம். சேர்க்காமலே விட்டவர்கள் ஏராளம்.

தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குப் போன சின்னத் தாத்தாவின் பெயர் கப்பல் பட்டியலில் ஏதோ மாதிரி இருக்கிறதே?

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் ஆள் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் எல்லாம் இருக்கும், ஆனால் காதில் விழுந்ததை அப்படியே எழுதியவை. எழுத்தை விட்டுவிட்டு அப்பா பெயர், தாலுகா இரண்டையும் வைத்துப் பொருத்துங்கள். பட்டியலில் இருக்கும் வடிவத்தை மாற்றுப் பெயராகச் சேர்த்துவிடுங்கள், அவருடைய தென்னாப்பிரிக்க வாரிசுகள் அந்த எழுத்தைத்தான் தட்டித் தேடுவார்கள்.

தமிழில் எழுதவா, ஆங்கிலத்தில் எழுதவா?

இரண்டிலும். தமிழில் எழுதியது உச்சரிப்பைக் காப்பாற்றும், ஆங்கிலத்தில் எழுதியது தேடலுக்கு. யூனிகோடில் மட்டும் எழுதுங்கள், பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்த கோப்பு வேறு கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கலாக இருக்கும்.

நான் போட்ட பெயரில்லாத பாட்டியை யாரோ வேறு பாட்டியோடு இணைத்துவிட்டார்கள்!

ஃபேமிலிசர்ச் எல்லோருக்கும் பொதுவான ஒரே மரம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் பட்டியலுக்குப் போய், இணைத்ததைப் பிரிக்க முடியும், பிரித்ததும் காரணம் எழுதும் இடத்தில் ஊர், அண்ணன் பெயர், சுமார் வருஷம் மூன்றையும் எழுதிவையுங்கள். வெறும் பெட்டியாக இருந்தால் மறுபடியும் இணைப்பார்கள். எதுவானாலும் மூலப் பிரதி உங்கள் கணினியில் இருக்கட்டும்.

குடும்பத்தில் சொல்ல விரும்பாத பெயர் ஒன்று தெரியவந்தது. எழுதலாமா?

தத்து, ஓடிப்போன கல்யாணம், இரண்டாம் குடும்பம் என்று ஏதோ ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. சம்பந்தப்பட்டவரோ அவர் பிள்ளைகளோ உயிரோடு இருந்தால் அவர்களைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றாதீர்கள். உங்கள் சொந்தக் கோப்பில் எழுதலாம். கிராம்ப்ஸில் ஒவ்வொரு பதிவுக்கும் பூட்டுக் குறி உண்டு, ஏற்றுமதி செய்யும்போது பூட்டியதை விட்டுவிடு என்று தேர்வு செய்தால் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் பிரதியில் அது போகாது.